படியில் விட்ட ஸ்வரம்

கிள்ளானில் அந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் குடிபோனது நல்ல வெயில் அடித்த ஒரு காலையில். சாமான் ஏற்றி வந்த லோரிக்காரர் பீரோவைப் பாதிப் படி வரை தூக்கினார். அங்கே நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாக அதைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது ஹால்லயே இருக்கட்டும் பாஸ், இடுப்பு புடிச்சிக்கிச்சி" என்று கிளம்பிவிட்டார். சரியான சோம்பேறி என்று மனதுக்குள் திட்டினேன்.

பேய் என்றால் பாழடைந்த பங்களாவில்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த வீடு பெரிய ஏமாற்றம். சாதாரண இரண்டு மாடி வரிசை வீடு. இடப்பக்கம் இராஜம்மா ஆன்டி, வலப்பக்கம் நாள் முழுக்க டிவியை அலறவிடும் சீனக் குடும்பம், எதிரே கார் கழுவும் கடை. கொம்யூட்டர் ரயில் நிலையம் பக்கம். நான் கிரேன் ஓட்டும் துறைமுகமும் பக்கம். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஹாலின் மூலையில் மரக் கைப்பிடி போட்ட படிக்கட்டு. ஏழு படி ஏறினால் எட்டாவதாக ஒரு சதுரத் திட்டு. அங்கே திரும்பித்தான் மாடிக்குப் போக வேண்டும். ஹாலில் நின்று பார்த்தால் அந்தத் திட்டு வரைதான் தெரியும். அதற்கு மேலே பகலிலும் வெளிச்சம் போதாது. மாடி முழுக்க யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை அடித்தது.

"யாரோ வயசானவங்க இருந்திருக்காங்க போல," என்றாள் என் மனைவி பிரியா. முழுப் பெயர் விஷ்ணுப்ரியா.

"ஜன்னலத் தொறந்து வை. போயிரும்," என்றேன்.

பிரியா தரையைத் துடைத்தாள், பினாயில் ஊற்றினாள், சாம்பிராணி போட்டாள். வாசனை போகவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், மலர். நான்கு வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. காதில் குறை இல்லை, மூளையில் குறை இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டேன். பிரியாவால் முடியவில்லை. பாசார் சந்தையில் ஏதாவது குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டால், அது யார் வீட்டுப் பிள்ளையானாலும், இவள் திரும்பிப் பார்ப்பாள். அப்படித் திரும்பிய முகத்தை என்னால் பார்க்க முடியாது. அந்த ஒரு சொல்லை மலர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு யோசனை சொன்னார். பேசாத சில பிள்ளைகள் முதலில் பாடும். சொற்களை விட்டுவிட்டு வெறும் ஓசைகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வரிசையாகப் பாடி, கடைசி ஓசையை மட்டும் பாடாமல் நிறுத்திக் காத்திருங்கள். அந்த இடத்தை நிரப்பத் தோன்றும் என்றார்.

பிரியா விடுவாளா? சின்ன வயதில் பத்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவள், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் தாரா என்ற பெண் நடத்தும் சேர்ந்திசை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். தாரா இவளைவிடச் சின்னவள், பியானோக்காரி. டோ, ரே, மீ, ஃபா, ஸோ, லா, டீ. எனக்குத் தெரிந்த டீ கடையில் இழுத்து ஆற்றுவது மட்டும்தான். பாட்டில் எது மேலே எது கீழே என்றுகூட எனக்குக் கேட்காது. ஆனால் மலருக்குக் கேட்டது. மேஜர் என்கிற சந்தோஷமான வரிசையைப் பாடினால் பொம்மையை விட்டு நிமிரக்கூட மாட்டாள். மைனர் என்கிற சோகமான வரிசையைத் தொடங்கினால் போதும், எழுந்து வந்து பிரியாவின் மடியில் உட்காருவாள். அதனால் வீட்டில் மைனர் மட்டும்தான்.

"நமக்கு ஸ எங்க இருக்கோ அதுதான் வீடு," என்று பிரியா ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தாள். "எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்கணும். இவங்களுக்கு மைனர்னா லா தான் வீடு. எனக்கு அது காதுல உக்கார மாட்டேங்குது."

"அட்ரஸ் மாத்தியாச்சின்னு நெனச்சிக்கோ லா," என்றேன், இங்கே எல்லாரும் பேச்சின் முடிவில் ஒட்டும் லாவையும் சேர்த்து. தலையணை பறந்து வந்தது.

லாவைக் காதில் உட்கார வைக்க அவள் செய்த காரியம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் தோன்றும். தன் பழைய மின்சாரச் சுருதிப் பெட்டியை எடுத்து, அதை அந்த லாவில் நிறுத்தி, சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். காலையில் விளக்கேற்றியதும் போடுவாள். படுக்கப் போகும்போதுதான் அணைப்பாள். தாரா வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். "பெட்டிய நம்பாதீங்க அக்கா. வீட்ட மனசுக்குள்ள கட்டுங்க. யாரும் பாடாதப்போ அது சும்மா ஓடக் கூடாது." சுருதி இல்லாமல் பத்து வருடம் வாயே திறக்காதவள் இதைக் கேட்பாளா? நாங்கள் வெளியே போனாலும், ஆளில்லாத வீட்டில் அது பாட்டுக்கு "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டு கிடக்கும்.

பாடம் படிக்கட்டில் நடந்தது. ஒரு படிக்கு ஓர் ஓசை. பிரியா மலரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். லா, டீ, டோ, ரே, மீ, ஃபீ, ஸீ. மைனரில் ஏறும்போது ஃபாவையும் ஸோவையும் கொஞ்சம் தூக்கிப் பாட வேண்டுமாம். அப்போது அவற்றின் பெயர் ஃபீ, ஸீ என்று மாறிவிடுமாம். ஏழாவது படியில், ஸீயில், நிறுத்திவிடுவாள். எட்டாவது அந்தத் திட்டு. அதுதான் லா, அதுதான் வீடு. அதை மலர் பாட வேண்டும்.

ஸீயில் நிறுத்தினால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். தும்மல் வருகிற மாதிரி வந்து வராமல் போவதைப் போல. பிரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளின் வாயையே பார்ப்பாள். மலர் மேலே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் வராது. இறங்கிவந்து மறுபடி தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. அத்தனை தடவையும் அந்தக் கடைசி லா பாடப்படாமலேயே நிற்கும்.

ஓசைகளுக்குக் கைச் சைகைகளும் இருந்தன. மலர் அவற்றைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். டோ என்றால் மூடிய முட்டி. டீ என்றால் மேலே காட்டும் ஆள்காட்டி விரல். லா என்றால் மணிக்கட்டு மேலே நிற்க, விரல்கள் எல்லாம் கீழே தொங்க வேண்டும். அந்தக் குட்டிக் கை அப்படித் தொங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் காலை நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பிரியா பாடிக்கொண்டு ஏறினாள். ஸீ. நிறுத்தம்.

லா.

மெல்லிய குரல். பிசிறே இல்லாத குரல்.

பிரியா அலறிக்கொண்டே அழுதாள். நான் ஈரக் கையோடு ஓடினேன். ஏழாவது படியில் உட்கார்ந்து மகளைக் கட்டிப்பிடித்து முத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். "பாடிட்டா! ஏங்க, பாடிட்டா! கேட்டுச்சா?"

கேட்டது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலரைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் தோளுக்கு மேலாகத் திட்டைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. அவள் கன்னம் உப்பியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவள் வாய் நிறைய பிஸ்கட் இருந்தது.

நான் அதைப் பிரியாவிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

அடுத்த நாளிலிருந்து மலர் உண்மையாகவே பாடினாள். சத்தியமாக அவள் வாய் அசைந்ததை நானே பார்த்தேன். ஆனால் அவள் ஏறவில்லை. தானாகத் திட்டில் போய் நின்றுகொண்டு லா என்றாள். ஒரு படி இறங்கி ஸோ என்றாள். அத்துடன் நின்றாள். மறுநாள் லா, ஸோ, ஃபா. அதற்கடுத்த நாள் மீ. ஒவ்வொரு படிக்கும் கை அதற்கான சைகையைக் காட்டியது. இன்னொரு கை பக்கவாட்டில் கொஞ்சம் உயர்ந்திருந்தது. வயதானவர்களைக் கைப்பிடித்து இறக்கும்போது நாம் அப்படித்தான் பிடிப்போம்.

"ஸோ இல்லடா கண்ணு, ஸீ," என்று பிரியா திருத்தினாள். "ஏறின படியிலதானே இறங்கணும்?"

மலர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.

பிரியா அதைக் கைப்பேசியில் பதிவு செய்து பெருமையோடு தாராவுக்கு அனுப்பினாள். பதில் குரல் செய்தியாக வந்தது. சமையலறையில் வைத்து இருவரும் கேட்டோம்.

"அக்கா, சூப்பர்! ஆனா ஒண்ணு. மெலோடிக் மைனர்ல எறங்கும்போது ஸோ, ஃபான்னுதான் வரும், பாப்பா பாடுறதுதான் கரெக்ட். ஏறும்போது ஒரு வழி, எறங்கும்போது வேற வழி. அது நான் இன்னும் உங்களுக்குச் சொல்லியே தரலையே, யூடியூப் பாத்தீங்களா? அப்புறம், கூடவே மெதுவா பாடுறது யாரு அக்கா? நீங்க இல்ல. செம வாய்ஸ். அவங்களையும் கிளாசுக்குக் கூட்டிட்டு வாங்க."

பிரியா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சுருதிப் பெட்டி சத்தத்த சொல்றா," என்றாள்.

அன்று மாலை நான் பின்பக்கம் துணி எடுக்கப் போனபோது இராஜம்மா ஆன்டி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். இதற்கு முன் இந்த வீட்டில் யார் இருந்தது என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"குணபூசணி டீச்சர். சிலோன்காரவங்க. ஸ்கூல்ல கொயர் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவங்க. ஒத்த ஆளு. படியில விழுந்து இடுப்பு ஒடைஞ்சி போச்சி தம்பி, அதுக்கப்புறம் மாடிலயேதான். பாட்டுப் படிக்க வர்ற புள்ளைங்க கீழ ஹால்ல நின்னு பாடும், இவங்க மேல படுத்துக்கிட்டே திருத்துவாங்க. புள்ளைங்க பாதில விட்டா அவங்களுக்குப் பொறுக்காது. மிச்சத்த அவங்களே பாடி முடிச்சிருவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மேலயே போய்ச் சேந்துட்டாங்க. ஒரு நாளாச்சும் கீழ எறங்கி வந்து வாசல்ல உக்காரணும், ரோட்டப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, பாவம்." ஆன்டி துணியை உதறினார். "ஏன் கேக்குறீங்க?"

துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.

பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிஸ்கட் உட்பட. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஹாலில் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்ட விட்டுப் போயிரலாம் பிரியா."

"போயி? திரும்பவும் ஊமையா உக்காந்திருப்பா. அதான் வேணுமா உங்களுக்கு?"

"அது அவ குரல் இல்ல."

"யாரு குரலா இருந்தா என்ன? வருதுல்ல?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னைக்கி ரே வரைக்கும் வந்துட்டா. இன்னும் டோ, டீ, லா. கீழ வந்து சேந்துட்டா வாய் முழுசா தொறந்துரும். எனக்குத் தெரியும். அந்தம்மா நல்லவங்கதான், டீச்சர்தானே? ஒரு வார்த்த, அம்மான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிறேன். அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன்."

அந்த முகத்துக்கு எதிரே நான் என்ன வாதாட முடியும்? மறுநாள் மலர் டோவில் நின்றாள். இப்போது தைல வாசனை மாடியில் இல்லை. படிக்கட்டில் இருந்தது.

சனிக்கிழமை. பிரியா பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்புக்குப் போயிருந்தாள். நானும் மலரும் மட்டும். மத்தியானம் வானம் கறுத்து, கிள்ளானுக்கே உரிய ஆவேசத்தோடு மழை கொட்டியது. எங்கோ இடி விழுந்தது. கரண்ட் போனது.

காற்றாடி நின்றது. குளிர்பெட்டியின் உறுமல் நின்றது. பக்கத்து வீட்டு டிவி வாயடைத்தது.

சுருதி மட்டும் நிற்கவில்லை.

சாமி மேடையைப் பார்த்தேன். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கிட்டப் போய்க் கையை வைத்தேன். பெட்டி அசைவில்லாமல் சில்லென்று இருந்தது. ஒயரைப் பிடுங்கினேன்.

ம்ம்ம்ம்ம்.

சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அதில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. பிறகு மறுபடி தொடர்ந்தது.

பெட்டி மூச்சு வாங்காது.

"மலர்?"

திரும்பினேன். மலர் திட்டில் நின்றிருந்தாள். மழை இருட்டில் அவளுடைய மஞ்சள் கவுன் மட்டும் தெரிந்தது. லா என்றாள். அந்த இழுப்பின் மேல் அவள் குரல் சரியாக உட்கார்ந்தது. எது மேலே எது கீழே என்று தெரியாத எனக்கே அது தெரிந்தது.

ஸோ. ஒரு படி.

ஃபா. ஒரு படி.

அவள் காலடியோடு இன்னொரு காலடி. ஒரு கால் வைத்து, இன்னொரு காலை இழுத்து.

மீ. ரே. டோ.

தைல வாசனை கண்ணைக் கரித்தது. நான் அவளைப் பிடிக்க ஓடியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றேன். கீழிருந்து இரண்டாவது படியில் அவள் வந்து நின்றாள். ஆள்காட்டி விரலை உயர்த்தினாள். டீ.

இன்னும் ஒரே ஒரு படி. ஒரே ஓர் ஓசை.

நான் ஓடிப்போய் அந்தப் படிக்கு முன்னால் குறுக்கே நின்றேன். மலர் என்னைப் பார்த்தாள். நான்கு வருடமாக ஒரு சொல்லும் பேசாத என் மகள் வாயைத் திறந்து, குழந்தைக் குரலில், மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"கொஞ்சம் வழி விடும் தம்பி. நான் கீழ இறங்க வேணும்."

நாங்கள் தோட்டப்புறத்து ஆட்கள். எங்கள் பரம்பரையில் யாரும் அப்படிச் சிலோன் தமிழ் பேசியதில்லை.

அவளை அள்ளித் தோளில் போட்டேன். அவள் உயர்த்தி வைத்திருந்த இன்னொரு கை எதையோ விட மறுத்தது. இழுத்தபோது அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் இழுப்பு இருந்தது. நான் எங்கிருந்து அந்த பலத்தைக் கொண்டுவந்தேனோ தெரியாது. கதவைக்கூடச் சாத்தாமல் கொட்டும் மழையில் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் காப்பாருக்குப் போய், என் கூடப்பிறந்த குமுதா அக்கா வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன். மலரின் மணிக்கட்டு சிவந்திருந்தது.

பிரியாவைக் கூப்பிட்டு நேரே அக்கா வீட்டுக்கு வரச் சொன்னேன். வீட்டைப் பூட்டிச் சாமானை எடுத்துவர மறுநாள் இரண்டு நண்பர்களோடு போனேன். அக்கா கேள்வியாகக் கேட்டுத் துளைக்காமல் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். மாடியே இல்லாத வீடு. பின்னால் கோழிக்கூண்டு, அதற்கப்பால் செம்பனைத் தோட்டம். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஆனால் மலர் அணைந்துபோனாள். பாட்டு இல்லை, சைகை இல்லை. பிரியா லா என்று தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்பெல்லாம் அழும்போதாவது சத்தம் வரும். இப்போது கண்ணீர் மட்டும் வந்தது.

"ஒரே ஒரு படி," என்றாள் பிரியா. அவள் என்னோடு பேசியது அதைப் பற்றி மட்டும்தான். "ஒரே ஒரு படி இருந்துச்சி. விட்டிருக்கலாம்ல?"

"மலர எப்பிடி விடுறது? அவ பேசுனத நீ கேக்கல."

"நான் எதத்தான் கேட்டேன்?"

அடுத்த சனிக்கிழமை காலை அவள் வகுப்புக்கு என்று சொல்லிக் கிளம்பினாள். போகும்முன் மலரை மடியில் வைத்து வெகுநேரம் தலை வாரிவிட்டாள். ரயில் நிலையத்தில் இறக்கிவிடுகிறேன் என்றேன். மோட்டார் சைக்கிளில் போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போய்க்கொள்கிறேன் என்றாள்.

மத்தியானம் அக்கா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மலர் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அத்தே, கோழி."

அக்கா கையிலிருந்த தட்டு விழுந்தது. மலர் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, கோழி பாருங்க!" அவளுடைய குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மழலை, வேறு யாருடையதும் இல்லை. ஈர மண்ணில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டு நான் குழந்தை மாதிரி அழுதேன்.

பிரியாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அவளாகவே வந்து சேர்ந்தாள், வாடகைக் காரில். வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்: "பேசிட்டா பிரியா! அப்பான்னு சொன்னா, அத்தேன்னு சொன்னா!"

"பேசுவாள்," என்றாள் பிரியா. அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீ எங்க போயிட்டு வந்த?"

"மிச்சத்த முடிச்சிட்டு வந்தேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மகள் பேசிவிட்டாள். கிடைத்ததைத் தோண்டிப் பார்த்துக் கெடுத்துக்கொள்வானேன்?

மூன்று வாரம் அக்கா வீட்டில் திருவிழாதான். மலர் வாய் ஓயவே இல்லை. பூனை, லோரி, நிலா, ஐஸ்கிரீம், அத்தே, அப்பா. காப்பாரில் கண்ணில் பட்டதையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு சொல் மட்டும் வரவில்லை. பிரியா பக்கத்தில் வந்தால் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவள் ஊட்டினால் சாப்பிட மாட்டாள். பேச்சுப் பயிற்சிக்காரர், அவசரப்படாதீர்கள், அதுவும் வரும் என்றார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எந்தச் சொல்லுக்காக பிரியா நாயாய் அலைந்தாளோ அது வரவில்லையே என்று அவளுக்காக நான் வருந்தினேன். அவளோ வருந்தியதாகத் தெரியவில்லை. சுருதிப் பெட்டியைத் தொடவில்லை. பாடவே இல்லை. தலைவலி என்று நெற்றியில் எதையோ தடவிக்கொண்டு, சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எழுந்து உள்ளே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

நேற்று சாயங்காலம் இராஜம்மா ஆன்டியிடமிருந்து அழைப்பு வந்தது. நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மலர் என் காலடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பிரியா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"தம்பி, கோவிச்சிக்காதீங்க," என்றார் ஆன்டி. "குடும்ப விஷயம்னு இத்தன நாளு பேசாம இருந்தேன். பிரியாவ எதுக்கு உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

"என்ன ஆன்டி சொல்றீங்க? பிரியா இங்க இருக்கா."

"வெளயாடாதீங்க தம்பி. மாடில அந்தப் புள்ள பாடிக்கிட்டே இருக்கு. நாள் பூரா. கூப்புட்டா எறங்கி வர மாட்டேங்குது. இருங்க, நீங்களே கேளுங்க."

ஆன்டி கைப்பேசியைச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். காற்றின் இரைச்சல், ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு குரல். லா, டீ, டோ, ரே, மீ, ஃபீ, ஸீ.

அங்கே நின்றது. காத்திருந்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஏழு வருடம் கூட வாழ்ந்தவளின் குரல் தெரியாதா? மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி அதே இடத்தில் நின்றது. யாராவது முடித்துவைக்க மாட்டார்களா என்று கெஞ்சுவது போல இருந்தது.

மலர் பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் கையிலிருந்த கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கி, வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள்.

சமையலறையில் யாரோ அடுப்பை அணைத்தார்கள்.